தோல்விக்கும் பேரேடு வேண்டும்

தேர்தல் முடிவு வந்த மறுநாள், எந்தக் கட்சி தோற்றது என்று தெரிந்துகொள்ள நாம் செய்தித்தாளைப் பிரிக்க வேண்டியதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்தாலே போதும். வென்ற கட்சிக்காரர் கால் கிலோ சர்க்கரை வாங்க வந்து அரை மணி நேரம் நின்று பேசுவார். தோற்ற கட்சிக்காரர் பிள்ளையின் கையில் சீட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார். அப்படியே வந்தாலும் கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து வருவார். பத்து நாள் முன்பு வரை தெருவையே தன் தோளில் சுமந்தவர் அவர்.

நம் சங்கத்துக்குக் கட்சி கிடையாது. உறுப்பினர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறோம், இருக்கலாம். ஆகவே எந்தக் கட்சி வெல்ல வேண்டும் என்று இங்கே எழுத வரவில்லை. தோற்ற பிறகு தொண்டன் என்ன ஆகிறான், அவனை யார் தூக்கி நிறுத்துகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. இது அரசியல்வாதிகளின் கவலைதானே, மளிகைக் கடைக்காரருக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நாமும் போராட்டம் நடத்துகிறவர்கள்தாம். கடையடைப்பு நடத்துகிறோம், மனுக் கொடுக்கிறோம், மாநாட்டுக்கு வேன் பிடித்துப் போகிறோம், பல சமயம் தோற்றும் வருகிறோம். தோற்றுத் திரும்பிய பிறகு அடுத்த மாதக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை ஒவ்வொரு ஊர்ச் சங்கச் செயலாளரும் தம் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தைப் பேச நமக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் சரக்கு ஏற்றிப் போகும் வண்டிகள் பாலவனத்தம் வழியாகத்தான் போகின்றன. அந்த ஊர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், மதுரையில் 1901இல் தமிழ்ச் சங்கம் நிறுவியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தூத்துக்குடியில் 1906இல் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு அவர்தான் தலைவர் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அந்தக் கம்பெனிக்காக ஓடி ஓடி உழைத்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. புலவர்களைப் போற்றிய ஜமீன்தார் தலைவர், ஓடி உழைத்தவர் வக்கீல், பங்கு வாங்கியவர்களில் நம்மைப் போன்ற வியாபாரிகள் ஏராளம்.

அந்தக் கம்பெனியின் மூலதனம் பத்து லட்ச ரூபாய் என்று திட்டமிட்டார்கள். அதை இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். அன்றைக்கு இருபத்தைந்து ரூபாய் சின்னத் தொகை அல்ல. ஆனாலும் ஒரு சுமாரான கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பங்காவது வாங்கலாம். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு, அதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் சேட், மறு பக்கம் ஒற்றைப் பங்கு வாங்கிய கடைக்காரர். வெள்ளைக்காரக் கம்பெனி தூத்துக்குடி கொழும்புக் கடலைத் தன் சொந்தக் குளம் போல வைத்திருந்த காலத்தில் இப்படி ஒரு கம்பெனி தொடங்கியதே அரசியல்தான். அதை வெறும் வியாபாரம் என்று சர்க்கார் நினைக்கவில்லை, பங்கு வாங்கியவர்களும் நினைக்கவில்லை.

முதல் அடி சீக்கிரமே விழுந்தது. சொந்தக் கப்பல் இல்லாமல் பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் பேசி ஓட்டினார்கள். எதிராளியின் நெருக்கடியால் அவர்கள் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பங்குப் பணம் வாங்கியாயிற்று, கப்பல் இல்லை. நம்மில் ஒருவர் அந்த நிலையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? ஒரு துண்டறிக்கை அடித்து, சதி சதி என்று கத்தியிருப்போம். வ.உ.சி. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். பிறகு பம்பாய்க்குப் போய்ச் சொந்தக் கப்பலுக்கு ஏற்பாடு செய்தார். 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து நின்றன. அந்தப் புகையைப் பார்த்த பங்குதாரருக்கு வேறு சமாதானம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது அடி கட்டணப் போட்டி. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. அதன் பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், ஆளுக்கு ஒரு குடையும் தருகிறோம் என்று வெள்ளைக்காரர் விளம்பரம் செய்ததாகச் சொல்வார்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்னும் வித்தை இன்றைக்குப் பெரிய மால்களில் பிறந்தது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் போட்டியில் ஆதரவாளருக்குத் தினமும் ஒரு வேலை இருந்தது. மூட்டையை எந்தக் கப்பலில் ஏற்றுவது, எந்தக் கப்பலில் ஏறிப் போவது என்று ஒவ்வொருவரும் தம் கையாலேயே முடிவு செய்ய முடிந்தது. இலவசத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு எட்டணா கொடுத்து ஏறியவர், இறங்கும்போது இன்னும் உறுதியான ஆதரவாளராகத்தான் இறங்கியிருப்பார். நஷ்டம் கம்பெனிக்குத்தான். மனம் தளரவில்லை.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஊரே அவர்கள் பக்கம் நின்று, கூலி உயர்வும் கிடைத்தது. ஆர்வம் உச்சியில் இருந்த நேரம். அப்போதுதான் மூன்றாவது அடி விழுந்தது. மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, கலகம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். பின்னர் கூடுதல் போலீசை நிறுத்தி, அதன் செலவையும் ஊரார் தலையிலேயே வரியாகக் கட்டியது சர்க்கார். ஜூலை 7ஆம் தேதி வந்த தீர்ப்பில் வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது ஆறு வருடமாகக் குறைந்தது.

இந்த இடத்தில் வணிகர்களாகிய நாம் நின்று யோசிக்க வேண்டும். முந்தைய இரண்டு அடிகளையும் தாங்கிய கூட்டம் மூன்றாவது அடியில் ஏன் கலைந்தது? பயம் ஒரு காரணம்தான். யாருக்குத்தான் பயம் இருக்காது? ஆனால் பயத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று நாம் நினைக்கிறோம். தகவல் சொல்லவும், கணக்குக் காட்டவும், நாளைக்கு இதைச் செய் என்று ஆளுக்கொரு வேலை கொடுக்கவும் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் பங்குதாரருக்கும் கம்பெனிக்கும் நடுவே இருந்த கயிறு அறுந்துபோனது. ஒரே ஆளின் கையில் கல்லாச் சாவி, கொள்முதல், பாக்கி வசூல் எல்லாம் இருக்கிற கடை, அவர் படுக்கையில் விழுந்த மறு மாதம் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

1911இல் கம்பெனியைக் கலைத்தார்கள். கப்பலும் எதிராளியின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அதே வருடம் டிசம்பரில் பாண்டித்துரைத் தேவரும் காலமானார். 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வ.உ.சி. வெளியே வந்தபோது வரவேற்கப் பெருங்கூட்டம் எதுவும் இல்லை. நான்கு வருடம் முன்பு அவருக்காகக் கடையடைத்தவர்கள், சவரக்கத்தியைக் கூடக் கீழே வைத்தவர்கள் எங்கே போனார்கள் என்று கோபப்படுவது சுலபம். அவர்களை இந்த நான்கு வருடமும் யாராவது ஒரு தடவையேனும் கூப்பிட்டுப் பேசினார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வக்கீல் சன்னதும் பறிபோயிருந்த அவர் சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைக்கப் பார்த்தார். நம் தொழிலைத்தான் செய்து பார்த்தார் என்று பெருமைப்படுவதா, அந்த நிலைமைக்கு வரும்படி விட்டுவிட்டோமே என்று வருந்துவதா தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்த நம்மவர்கள் அவருக்கென்று சேர்த்த பணம் ஒன்று காந்தியடிகளிடம் இருந்தது. அதற்காகக் கடிதங்கள் போய்வந்து, 1916இல்தான் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்குக் கிடைத்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடல் கடந்து போய்ப் பிழைத்தவர்கள் கொடுத்த பணம் அது. அவர்களின் உற்சாகம் அத்தனை வருடமும் உயிரோடு இருந்தது. அதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஒரு வழிதான் இல்லை.

நம் பக்கத்திலேயே இன்னொரு தோல்வியும் உண்டு. 1967இல் விருதுநகர் தொகுதியில் காமராஜர் தோற்றார். எதிர்த்து நின்றவர் மாணவர் தலைவர் பெ.சீனிவாசன். வித்தியாசம் 1,285 வாக்கு. சொந்த ஊர், உறவுக்காரர்கள், மகமைப் பணத்தில் நடந்த பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த மண். விருதுநகர் மார்க்கெட்டில் துவரம் பருப்பும் வத்தலும் என்ன விலை என்று நாடே பார்க்கும் ஊர், அன்றைக்குத் தேர்தல் முடிவுக்காகப் பார்க்கப்பட்டது.

தோல்விக்குக் காரணம் தேடியவர்கள் சாதியைச் சொன்னார்கள், இந்தி எதிர்ப்பைச் சொன்னார்கள், துரோகத்தைச் சொன்னார்கள். மளிகைக் கடைக்காரரைக் கேட்டிருந்தால் அரிசி என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது தி.மு.க.வின் வாக்குறுதி. அரிசித் தட்டுப்பாட்டைப் பற்றிய வசவை முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டது மந்திரிகள் அல்ல, கடைக்காரர்கள்தாம். வாக்குப் பெட்டிக்குள் விழப்போவது பல மாதம் முன்பே நம் தராசுத் தட்டில் விழுந்துவிடுகிறது. எந்தக் கட்சியும் வந்து நம்மைக் கேட்பதில்லை, நன்கொடைச் சீட்டு நீட்டும்போது தவிர.

அந்தத் தேர்தலின் கணக்கை நிதானமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். 234 இடத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தது ஐம்பது சொச்சம். ஆனால் மாநிலம் முழுதும் விழுந்த வாக்கில் நூற்றுக்கு 41 பங்கு காங்கிரசுக்குத்தான். தி.மு.க.வுக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். காங்கிரஸ் அதிக இடத்தில் நின்றது, தி.மு.க. கூட்டணி சேர்ந்து குறைந்த இடத்தில் நின்று பெருவாரியாக ஜெயித்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பொய்யாகும். ஆனாலும் நூற்றில் நாற்பத்தொரு பேர் இன்னும் உன் பக்கம் இருக்கிறார்கள், உனக்கு முதல் போகவில்லை, இந்த வருட லாபம்தான் போயிற்று என்று தொண்டனிடம் அன்றைக்கு யாராவது கணக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம். தோல்வியைப் பேரிடி என்று சொல்வதும் பொய், தார்மீக வெற்றி என்று சொல்வதும் பொய். இரண்டையும் தொண்டன் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவான்.

காமராஜர் தோல்வியை ஒப்புக்கொண்டு அமைதியாக நடந்துகொண்டார். 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தலைவர் எழுந்துவிட்டார், கட்சி எழவில்லை. 1967க்குப் பின் இங்கே காங்கிரஸ் ஆட்சிக்கு வரவே இல்லை. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, கிளையில் இருந்த தொண்டனுக்கு ஆட்சி இல்லாத காலத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் போனது என்பது நம் கருத்து. நண்பர்கள் சிலர் இதை மறுக்கலாம். அவர்கள் 1962ஐப் பார்க்கட்டும். அந்த வருடம் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். கட்சிக்கு ஐம்பது இடம்தான் கிடைத்தது. ஆனால் அவர்களுடைய படிப்பகம் மறுநாள் காலையிலும் திறந்திருந்தது. பெஞ்சு, நாலைந்து பத்திரிகை, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. சலூன் கடையிலும் டீக்கடையிலும் உரக்கப் படிக்க ஒருவன் இருந்தான். தோற்ற அன்றும் அவனுக்கு வேலை இருந்தது. 1991இல் இரண்டே இடம் பெற்ற தி.மு.க. 1996இல் ஆட்சிக்கு வந்ததையும், 1996இல் நான்கே இடம் பெற்ற அ.தி.மு.க. 2001இல் திரும்பியதையும் நாமே கண்ணால் பார்த்தவர்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

2012 செப்டம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை 51 சதவீதம் வரை அனுமதிக்க மத்திய அரசு முடிவு செய்தது. செப்டம்பர் 20இல் நாடெங்கும் கடையடைத்தோம். டிசம்பர் 5இல் மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது. அரசுக்கு 253, எதிர்ப்புக்கு 218. தோற்றோம். சில கட்சிகள் அவையில் நம் பக்கம் பேசிவிட்டு வாக்கெடுப்புக்கு முன் வெளியேறிப் போனதையும் பார்த்தோம். அந்த வாரம் பல கடைத்தெருக்களில் கேட்ட பேச்சு ஒன்றுதான். இனி நம்மால் என்ன ஆகும்?

ஆனால் அந்த அறிவிப்பிலேயே, அனுமதிப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த மாநில அரசு தீர்மானிக்கலாம் என்று இருந்தது. தமிழ்நாட்டில் அனுமதிக்க மாட்டோம் என்று மாநில அரசு அறிவித்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கே முதலிடம் என்றும் நிபந்தனை இருந்தது. அதாவது தில்லியில் தோற்ற நாம் சென்னையில் தோற்கவில்லை. இதை உறுப்பினர்களிடம் எத்தனை ஊரில் உட்காரவைத்துச் சொன்னோம்? சொல்லாததால் ஒரு சாரார் எல்லாம் போயிற்று என்று சோர்ந்தார்கள். இன்னொரு சாரார் ஆபத்து நீங்கியது என்று தூங்கினார்கள். தூங்கிக்கொண்டிருந்தபோது, 2018இல், வால்மார்ட் கம்பெனி பிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கிவிட்டது. வாசலில் காவல் இருந்தோம், கைப்பேசி வழியாக உள்ளே வந்துவிட்டார்கள்.

இதற்காக 2012 போராட்டம் வீண் என்று சொல்லும் அறிவாளிகளோடு நாம் சேர மாட்டோம். அதில் கடையடைத்தவர்களுக்கு, ஒரு நாள் வியாபாரத்தை விட்டுக் கொடுத்தவர்களுக்கு, அவர்கள் விட்டுக் கொடுத்ததால் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று சொல்லப்படவில்லை என்பதுதான் நம் குறை. வருடக் கணக்கு முடிக்கும்போது நஷ்டம் வந்தாலும் பங்காளிக்கு ஐந்தொகை காட்டுகிறோம். போராட்டத்தில் பங்காளியாக இருந்தவருக்கு மட்டும் ஏன் காட்டக் கூடாது?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தோல்விக்குப் பிறகு தொண்டனை அதிகமாகக் குன்ற வைப்பது எதிராளியின் கேலி அல்ல, சில்லறைக் கடன். டீக்கடைப் பாக்கி, வேன் வாடகை, அச்சகத்துக்குத் தர வேண்டியது, பிளக்ஸ்காரருக்குத் தர வேண்டியது. வேட்பாளர் தொலைபேசியை எடுப்பதில்லை. கடன்காரர்கள் தொண்டன் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். நம் உறுப்பினர்கள் சிலருக்கே இப்படித் தேர்தல் பாக்கி நின்று போயிருக்கிறது. கட்சியின் பெயர் வேண்டாம், எல்லாக் கட்சியும் அப்படித்தான். வேலை செய்தவன் உள்ளூரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமென்றால் அவன் பெயரில் இருக்கும் பாக்கியை அந்த மாதமே தீர்த்துவிட வேண்டும். தலைவர் வந்து கையெடுத்துக் கும்பிட்டுப் பேசும் ஆறுதல் அதற்குப் பிறகுதான் எடுபடும்.

துரோகியைத் தேடும் வேலையையும் நிறுத்த வேண்டும். தோற்ற ஒவ்வொரு போராட்டத்துக்குப் பிறகும் அன்று கடையைப் பாதி திறந்து வைத்திருந்தவர் யார் என்ற விசாரணை நம் சங்கங்களில் நடக்கிறது. நம்முடையது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருடம், பக்கத்துக் காட்டுக்காரன் முதலில் விதைத்தானா கடைசியில் விதைத்தானா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த ஐப்பசிக்கு விதைச் சோளம் மிஞ்சாது. பாதிக் கதவு திறந்தவருக்கு அன்று கல்யாண வீட்டுச் சரக்குக் கொடுக்க வேண்டியிருந்ததோ என்னவோ. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கேட்கும் முறையில் கேட்டால்.

ஆகவே நம் வட்டாரச் சங்கங்களின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். எந்தப் போராட்டம் முடிந்தாலும், வென்றாலும் தோற்றாலும், பதினைந்து நாளுக்குள் ஒரு கூட்டம் போட வேண்டும். மாலை போடாத கூட்டம். வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, யாருக்குப் பாக்கி, கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டும். வழக்கு வாங்கிய உறுப்பினர் இருந்தால் அவருடைய வாய்தா தேதிகளைச் சங்கப் பலகையில் எழுதி, முறை வைத்து இருவர் கூடப் போய்வர வேண்டும். செயலாளர் ஒருவரிடமே எல்லாத் தகவலும் இருக்காமல், தெருவுக்கு ஒருவராவது விஷயம் முழுதும் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் அந்த மாதத்துக்கென்று சிறிய வேலை ஒன்று வேண்டும். தம் தெருவில் கைப்பேசி வழியாகச் சாமான் வாங்கும் வீடுகள் எத்தனை, ஏன் வாங்குகிறார்கள், விலையா, வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதா, நாம் பேசும் விதமா என்று கேட்டு எழுதி வருவது போன்ற வேலை.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கிளைகள் இதைப் பாலவனத்தத்திலிருந்து தொடங்கலாம். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கப் பெரிய மனிதர் யாரையும் தேட வேண்டாம். கடந்த கடையடைப்பில் அதிக நஷ்டப்பட்ட சின்னக் கடைக்காரர் யாரோ, அவரை உட்காரவைத்துக் கணக்கை அவர் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லலாம்.